கால்வழி தெரியாத குதிரை: இனவிருத்திக்கு விடலாமா?

குதிரை வளர்ப்போரிடையே பணிபுரியும் கள ஊழியர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. சந்தையில் வாங்கிய பெண்குதிரை ஒன்று வீட்டில் நிற்கிறது. அதன் தாய் எது, தந்தை எது என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அதனைப் பொலிகுதிரையோடு சேர்த்துக் குட்டி எடுக்கலாமா, கூடாதா என்பதே அக்கேள்வி. இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. வம்சம் தெரியாததை இனவிருத்திக்கு விடலாகாது என்பது ஒன்று. பெண்ணாகப் பிறந்தது ஈனத்தானே வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது ஏட்டறிவிலிருந்து வருவது; பின்னது பழக்கத்திலிருந்து வருவது. இரண்டும் குதிரையைப் பாராமலே சொல்லப்படும் விடைகள் என்பதே அவற்றின் பொதுக்குறை.

இவ்விஷயத்தில் எனது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். கால்வழி தெரியாத ஆண்குதிரையை இனவிருத்திக்குப் பயன்படுத்தலாகாது. காயடித்து வேலைக்கு வைத்துக்கொள்வதே முறை. கால்வழி தெரியாத பெண்குதிரையைச் சில நிபந்தனைகள் நிறைவேறினால் பயன்படுத்தலாம். எவ்வாறு முடிவு செய்தாலும், தெரியாததைத் தெரியாது என்றே ஏட்டில் எழுதவேண்டும். இம்மூன்றுக்கும் உரிய காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

சொல்லும் பொருளும்

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்குச் சொற்கள் சில வேளை பாடம் கற்பிக்கும். ஆங்கிலத்தில் வழங்கும் பெடிக்ரி என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் கொக்கின் கால் என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. வம்ச அட்டவணையில் ஒரு பெயரிலிருந்து கீழ்நோக்கிப் பிரியும் கோடுகள் கொக்கின் கால்விரல்களைப் போலத் தோன்றியதால் அப்பெயர் ஏற்பட்டதாம். நம் மொழியிலும் வம்சத்துக்குக் கால்வழி என்றொரு நல்ல சொல் இருக்கிறது. தொலைவிலுள்ள இரு மொழிகள் ஒரே பொருளுக்குக் காலைத் துணைக்கழைத்தது வியப்புக்குரியது. ஆயினும் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. கால்வழி என்பது குதிரையின் உடம்பில் உள்ள பொருளன்று. குதிரையைப் பற்றி மனிதர் எழுதி வைத்த குறிப்பு. குறிப்பு இல்லையென்றால், எழுதத் தவறியவர் மனிதரேயன்றிக் குதிரையன்று.

கணக்கெடுப்பு அறிக்கைகளில் ஏதேனும் ஓர் இனத்தில் சேர்க்க முடியாத விலங்குகளை நான்டிஸ்கிரிப்ட் என்ற தலைப்பில் தொகுப்பது வழக்கம். இனம் வகுத்துரைக்கப்படாதவை என்பதே அச்சொல்லின் பொருள். தமிழில் இதனை மட்டரகம் என்றும் தரமற்றவை என்றும் எழுதுவாருளர். ஒரு சொல்லை மாற்றியதும் நமது அறியாமை விலங்கின் இழிவாக மாறிவிடுகிறது! பள்ளியில் பெற்றோர் பெயர் எழுதப்படாத மாணவனை எந்த ஆசிரியரும் மந்தபுத்தியுள்ளவன் என்று முடிவு செய்யமாட்டார். அந்த நியாயம் லாயத்துக்கும் உரியதே.

இது சில குதிரைகளைப் பற்றிய கேள்வியன்று. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளுமாகச் சுமார் ஆறேகால் லட்சம் இருந்தன. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டது. மார்வாரி, கத்தியவாரி, கச்சி-சிந்தி, மணிப்புரி, ஸ்பிதி, ஸன்ஸ்காரி, பூட்டியா, பீம்தடி எனப் பதிவுபெற்ற இனங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் வண்டி இழுப்பவை, செங்கற்சூளைகளில் பொதி சுமப்பவை, மலைப்பாதைகளில் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்பவை, திருமண ஊர்வலங்களில் நடப்பவை ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எந்த ஏடும் கிடையாது. ஏடில்லாதவற்றையெல்லாம் ஒதுக்கினால் குதிரைச் செல்வத்தின் பெரும்பகுதியையே ஒதுக்கியவராவோம். ஆராயாமல் எல்லாவற்றையும் ஈனவிட்டாலோ, வேலையும் தீவனமும் கிட்டாத குட்டிகளைப் பெருக்கியவராவோம்.

ஏடுகள் பிறந்த விதம்

கால்வழி ஏட்டுக்கு உலகிலேயே பெயர்பெற்றவை இங்கிலாந்தின் தாரோபிரெட் பந்தயக் குதிரைகள். அவற்றின் வம்சப் பதிவேட்டுக்கு முன்னோடியான தொகுதியை ஜேம்ஸ் வெதர்பி என்பவர் 1791ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று தாய் தந்தை இரண்டும் பதிவில் இல்லாத எக்குதிரையும் அவ்வினத்தில் இடம்பெறுவது அரிது. ஆனால் அவ்வினத்தின் ஆண்வழி மூதாதைகளாகக் கொண்டாடப்படும் மூன்று குதிரைகளின் கால்வழி யாது? 1690ஆம் ஆண்டில் பாயின் போரில் தன் எசமானரைச் சுமந்து சென்றதாகக் கூறப்படும் பையர்லி துருக்கியின் பெற்றோரை எவரும் அறியார். பிரான்சு நாட்டின் வழியாக இங்கிலாந்துக்கு வந்துசேர்ந்த கொடால்பின் அரபியின் பிறப்பிடம் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1704ஆம் ஆண்டில் அலெப்போ நகரிலிருந்து அனுப்பப்பட்ட டார்லி அரபியைப் பற்றி, அது இன்ன குதிரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று வாங்கியவர் எழுதிய சொல் ஒன்றே சான்று.

எனவே எல்லாக் கால்வழியும் ஏதோ ஓரிடத்தில் கால்வழி தெரியாத ஒரு விலங்கிலிருந்தே தொடங்குகின்றது. இதனைக் கேட்டதும், அப்படியாயின் எதனையும் விடலாமே என்று கூறுவது தவறு. அக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக ஓட்டத்தில் சோதிக்கப்பட்டன. வென்றவை எவை, தோற்றவை எவை என்பது குறித்து வைக்கப்பட்டது. தோற்றவை பெரும்பாலும் விலக்கப்பட்டன. அவ்வினம் உருவானதற்குக் காரணம் மூதாதைகள் மட்டுமல்ல. சோதனையும் குறிப்பும் தொடர்ந்து நடந்ததேயாகும். சோதனையும் இன்றிக் குறிப்பும் இன்றிச் செய்யப்படும் சேர்க்கைக்கு அம்மூன்று குதிரைகளைச் சாட்சியாக அழைப்பது பொருந்தாது.

கால்வழி எதைச் சொல்லும்?

குட்டி தன் மரபணுக்களில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு குட்டிக்கும் வேறுபடும். அதனால்தான் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இரண்டு குட்டிகளுள் ஒன்று நன்கு உழைப்பதும் மற்றொன்று எதற்கும் உதவாதிருப்பதும் நேர்கின்றன. கால்வழி என்பது குட்டியிடம் எவை இருக்கக்கூடும் என்பதை ஊகிக்க உதவும் கருவி. எவை இருக்கின்றன என்பதற்கு உறுதிச் சீட்டன்று.

விலங்கு இளமையாகவும் சோதிக்கப்படாததாகவும் இருக்கும்போது இக்கருவியின் மதிப்பு மிகுதி. ஒரு வயதுக் குட்டியைப் பற்றி நமக்கு வேறென்ன தெரியும்? ஆனால் ஆறு ஆண்டுகள் நம் கண்முன் வண்டி இழுத்து, நோயின்றி, நொண்டாமல், சாந்தமாக இருந்த பெண்குதிரையைப் பொறுத்தமட்டில், அதன் பாட்டன் யார் என்பதைவிட அது தானே காட்டிய தரம் வலிய சான்றாகும். அது முன்பே ஈன்ற குட்டிகள் ஊரில் இருந்தால் அதனினும் வலிய சான்று அவையே. குட்டிகள் முதலாவது, தன் தகுதி இரண்டாவது, முன்னோர் மூன்றாவது என்பது விலங்கின விருத்தியில் பொதுவாகக் கொள்ளத்தக்க வரிசை. மூன்றாவது சான்று இல்லாதபோது முதல் இரண்டையும் பாராமல் தீர்ப்பளிப்பது நியாயமன்று.

புகழ்பெற்ற கால்வழியும் சில வேளை ஏமாற்றும். அமெரிக்க நாட்டில் குவார்ட்டர் இனத்தில் 1969ஆம் ஆண்டில் பிறந்த இம்ப்ரெசிவ் என்னும் பொலிகுதிரை அழகிய தசைக்கட்டுக்குப் பேர்போனது. அதன் வழித்தோன்றல்கள் கண்காட்சிகளில் பரிசுகள் பெற்றன, பல்லாயிரக்கணக்கில் பெருகின. அவற்றுள் பலவற்றுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து தசைகள் துடித்துத் தளரும் ஒரு பரம்பரை நோய் இருப்பது பின்னரே தெரியவந்தது. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் குறை அது. அதனைக் கண்டறியும் மரபணுச் சோதனை 1992ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்நோய் பரவியது ஏடில்லாத குதிரைகளால் அன்று. ஏட்டில் முதலிடம் பெற்ற குதிரையால்!

எனினும் கால்வழிக் குறிப்புக்கு ஈடாக வேறெதுவும் அமையாத விஷயங்கள் இரண்டு உண்டு. முதலாவது, மறைந்திருக்கும் குறை. அரபுக் குதிரைகளில் நோயெதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் குட்டி பிறக்கும் பரம்பரைக் குறை ஒன்றுண்டு. பிறக்கும்போது குட்டி நலமாகவே தோன்றும். சில மாதங்களுக்குள் ஏதேனும் தொற்றினால் இறந்துவிடும். இக்குறையின் மரபணு மாற்றம் 1997ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தாயும் தந்தையும் இதனை மறைவாகச் சுமந்திருந்தால்தான் நோய் வெளிப்படும். அப்போதும் சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்றுக்கே வரும். இதிலிருந்து ஒரு நடைமுறை வழி பிறக்கின்றது. இத்தகைய குறையைச் சோதனையால் அறிய முடியுமாயின், பொலிகுதிரை அதனைச் சுமக்கவில்லை என்று சோதித்து உறுதி செய்துகொண்டால், பெண்குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தக் குட்டிக்கு அந்நோய் வராது. தெரியாத பக்கத்தின் ஆபத்தைத் தெரிந்த பக்கத்தின் சோதனையால் அடைக்கலாம்.

இரண்டாவது, நெருங்கிய உறவில் சேர்க்கை. வட்டாரத்துக்கு ஒரே பொலிகுதிரை பல ஆண்டுகள் இருந்தால், இன்று அதனிடம் கொண்டுவரப்படும் இளம் பெண்குதிரை அதன் மகளாகவே இருக்கக்கூடும். அப்பொலிகுதிரை ஒரு மறைகுறையைச் சுமந்திருந்தால், மகளும் சுமப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு; இருவரும் சுமந்தால் குட்டிக்கு நோய் வெளிப்பட நான்கில் ஒரு வாய்ப்பு; ஆக எட்டில் ஒன்று. ஆசிரியர்கள் இக்கணக்கை இரு நிற மணிகளைக் கொண்டு வகுப்பில் செய்து காட்டலாம். தொலைதூரச் சந்தையில் வாங்கிய குதிரையைக் கண்டு அஞ்சும் நாம், அடுத்த தெருவில் பிறந்த குதிரையைக் கண்டு அஞ்சுவதில்லை. இவ்விஷயத்தில் அச்சம் பெரும்பாலும் அடுத்த தெருவுக்கே உரியது.

ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதியா?

ஆம், கணக்கு அவ்வாறு விதிக்கின்றது. பெண்குதிரை ஏறத்தாழ 340 நாட்கள் சினை சுமந்து ஒரு குட்டியை ஈனும். ஆண்டுதோறும் ஈன்றாலும் ஆயுளில் அதன் குட்டிகள் எண்ணத்தக்கவையே. பொலிகுதிரையோ ஒரே பருவத்தில் பல பத்துப் பெண்குதிரைகளைச் சினைப்படுத்தவல்லது. பெண்குதிரையில் நம் கணிப்புத் தவறினால் இழப்பு ஒரு லாயத்தோடு நிற்கும். ஆண்குதிரையில் தவறினால் வட்டாரம் முழுதும் பரவும். தவிரவும், நல்ல பெண்குதிரைக்குக் கால்வழி இல்லாமற்போனால் அதற்கு ஈடாக மற்றொன்றைத் தேடுவது ஏழைக்கு எளிதன்று. பொலிகுதிரையோ ஊருக்கு ஒன்றிரண்டு போதும். ஆதலால் அவற்றைக் கால்வழி தெரிந்தவற்றிலிருந்தே பொறுக்கி எடுப்பது இயலும்.

காயடிப்பதைக் கொடுமை என்று கருதி மறுப்போரும் உண்டு. காயடிக்காத ஆண்குதிரையைத் தனியே கட்டி, பிற குதிரைகளோடு பழகவிடாமல், அடித்து அடக்கி வைத்திருப்பதே பெருங்கொடுமை. தகுதியுள்ள மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சைக்குப்பின் அது மந்தையோடு அமைதியாக வாழும், வேலைக்கும் பயன்படும்.

இவ்விதிக்கு ஒரு விலக்குண்டு. மணிப்புரி மட்டக்குதிரையைப் போல எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்ட இனங்களில், அவ்வினத்துக்கு உரிய நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, அவ்வினத்துக்கு உரிய உருவமும் கொண்ட ஆண்குதிரையை, ஏடில்லை என்பதற்காகக் காயடிப்பது எஞ்சியுள்ள வேறுபாட்டையும் அழிப்பதாகும். மணிப்பூரில் இக்குதிரைகள் ஆயிரத்தின் அளவுக்கே இருக்கின்றன. அத்தகைய இடங்களில் பிறந்த ஊரே கால்வழியின் முதல் வரி. ஆனால் அம்முடிவைத் தனியொருவர் எடுத்தலாகாது. ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைக்குப் பின்னரே எடுக்கவேண்டும்.

பெண்குதிரைக்கு முன் ஐந்து கேள்விகள்

கள ஊழியர் கேட்கவேண்டிய முதற்கேள்வி, பிறக்கப்போகும் குட்டி என்னவாகும் என்பதே. குதிரையின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டுகளை எட்டக்கூடியது. மூன்று நான்கு வயது வரையில் அதன்மீது பாரம் ஏற்றலாகாது. அதுவரை தீவனம் போடவேண்டும். குதிரைகளின் தொகை ஏழாண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததற்கு இயந்திர வண்டிகள் பெருகியது ஒரு முக்கிய காரணம். குட்டியைத் தானே வைத்துக்கொள்வாரா, அல்லது வாங்க ஆள் உண்டா என்பதற்கு உரிமையாளரிடம் தெளிவான விடையில்லையெனில், மேற்கொண்டு எதனையும் ஆராயவேண்டியதில்லை. அப்போது கூடாது என்பதே விடை; தாய் எவ்வளவு உயர்ந்த கால்வழியினதாயினும் இதுவே விடை.

இரண்டாவது, இக்குதிரையை ஏன் ஈனவிட நினைக்கிறீர்கள் என்பது. நொண்டியாகிவிட்டது, வேலைக்கு ஆகாது, ஆகவே குட்டியாவது எடுப்போம் என்பது வழக்கமாகக் கிடைக்கும் விடை. விபத்தினால் வந்த நொண்டல் குட்டிக்குச் செல்லாது; ஆனால் கோணல் கால், பலவீனமான குளம்பு ஆகியவற்றால் வந்த நொண்டலுக்கு ஆதாரமான அமைப்பு குட்டிக்கும் செல்லக்கூடும். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் விடலாகாது. மேல்தாடை நீண்டு பற்கள் பொருந்தாமை, காரணமின்றிக் கடிக்கும் குணம் ஆகியவையும் விலக்குக்கு உரியன. நல்ல பெண்குதிரையைச் சந்தைக்கு ஏன் கொண்டுவந்தார்கள் என்பதையும் விசாரிக்கவேண்டும். சினைபிடியாமையே விற்பனைக்குக் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, வயதும் உடற்கட்டும். பல் பார்த்து வயதறிதல் நம் ஊழியர்களுக்குத் தெரிந்ததே. முதன்முறையாக ஈனவிடுவதற்கு நான்கு வயது நிரம்பியிருத்தல் நன்று. பதினைந்தைக் கடந்தபின் முதல்முறையாகச் சினைப்படுத்துவது கடினம். தாயின் உடலளவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. சிறிய பெண்குதிரையைப் பெரிய பொலிகுதிரையோடு சேர்த்தால் பெரிய குட்டி பிறக்கும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். பிரசவத்தில் தாய் மடியும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் வால்ட்டன், ஹாமண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் மிகப் பெரிய ஷயர் குதிரையையும் மிகச் சிறிய ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் செயற்கை முறையில் இருவழியும் கலந்து 1938ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி ஷெட்லாந்து தாய்க்குப் பிறந்த குட்டியைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு எடையிருந்தது. பிறப்பின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது தாயே என்பது இதனால் விளங்கும். ஆதலால் தந்தையின் உயரத்தை நம்பித் தாயின் குறையை மறந்துவிடலாகாது.

நான்காவது, நோய்ச் சோதனை. கால்வழி தெரியாத குதிரைக்குப் பெரும்பாலும் நோய்வரலாறும் தெரியாது. மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ், ஈயினால் பரவி ஆயுள் முழுதும் நீடிக்கும் தொற்று இரத்தசோகை, 1880ஆம் ஆண்டில் கிரிபித் எவான்ஸ் பஞ்சாபில் கிருமியைக் கண்டறிந்த சர்ரா, சேர்க்கையினாலேயே பரவும் டூரீன் ஆகியவற்றுக்கு இரத்தம் சோதிக்கப்படும் வரையில் குதிரையைப் பொலிகுதிரையின் அருகில் கொண்டுசெல்லலாகாது. கிளாண்டர்ஸ் நோய் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்கப்படவேண்டிய ஒன்று. இச்சோதனைகள் ஹிஸாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையத்தில் செய்யப்படுகின்றன. மறைந்த மரபணு ஒரு குட்டியைக் கெடுக்கும். மறைந்த தொற்று ஊர்க் குதிரைகள் அனைத்தையும் கெடுக்கும்.

ஐந்தாவது, எதனோடு சேர்ப்பது? தாய்வழி தெரியாதபோது தந்தைவழி ஐயமின்றித் தெரிந்திருக்கவேண்டும். அவ்வட்டாரத்துக்கு உரிய இனமாகவும் இருத்தல் நன்று. வேறிரண்டு வழிகளும் உண்டு. மலைநாடுகளில் கோவேறு கழுதைகளுக்குத் தேவை இருக்கின்றது. குதிரைக்கு 64 நிறமூர்த்தங்கள், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. அது வழக்கமாக ஈனாது. ஆகவே கால்வழி தெரியாத திடமான பெண்குதிரையைப் பொலிகழுதையோடு சேர்ப்பதனால் எந்த இனத்தின் தூய்மைக்கும் பங்கமில்லை. மற்றொன்று, கருமாற்று முறை. 2023ஆம் ஆண்டில் மேற்கூறிய நிலையத்தின் பீகானேர் வளாகத்தில் மார்வாரி இனக் கருவை வேறொரு பெண்குதிரையின் கருப்பையில் வைத்துக் குட்டி பெற்றனர். சுமக்கும் தாய்க்குக் கால்வழி வேண்டியதில்லை. நலமான கருப்பை போதும். இது இன்னும் கிராமத்துக்கு வரவில்லை, வரும்போது உதவும்.

சோதனையும் சுழியும்

பிடரிமயிரின் வேர்களை அனுப்பினால் கால்வழி வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். டி.என்.ஏ. சோதனை, குறிப்பிட்ட ஒரு குதிரை இக்குட்டிக்குத் தந்தை அன்று என்று உறுதியாக விலக்கவும், பெற்றோரின் மாதிரிகள் இருந்தால் உறவை நிலைநாட்டவும் வல்லது. ஒப்பிடுவதற்கு மாதிரி இல்லாதபோது எவருடைய பெயரையும் அது கூறாது. இன்ன இனத்தோடு ஒத்திருக்க வாய்ப்பு மிகுதி என்ற அளவிலேயே பேசும். அதனையே பத்திரமாக்கி விற்பது ஏமாற்று.

சந்தையில் காதுகளைப் பார்த்தே இனம் சொல்வார்கள். உட்பக்கம் வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும் காதுகள் மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் அடையாளம் என்பது உண்மை. ஆனால் காது வளைந்தவையெல்லாம் அவ்வினத்தின் பிற குணங்களையும் பெற்றிருக்கும் என்பதற்கு நியாயமில்லை. சுழி பார்ப்பதும் அத்தகையதே. ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தைக்குச் சென்றவர்கள், சுழி ஒன்றுக்காக விலை ஏறுவதையும் இறங்குவதையும் கண்டிருப்பார்கள். சுழி அதிர்ஷ்டத்தைச் சொல்லாது. ஆயினும் அது ஆயுள் முழுதும் மாறாதது. குதிரைக்குக் குதிரை வேறுபடுவது. அடையாளக் குறிப்புகளில் சுழிகளின் இடத்தை வரைந்து வைப்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். நம் முன்னோர் கூர்ந்து நோக்கியது வீணன்று. நோக்கியதற்குப் பொருள் கூறியதே பிழை. எதிர்காலம் அறிவதற்கு உதவாத சுழி, குதிரையை அறிவதற்கு உதவும்.

இன்று தொடங்கும் ஏடு

கால்வழி தெரியாத தாய்க்கும் தெரிந்த தந்தைக்கும் பிறக்கும் பெண்குட்டியில் தந்தையின் இனம் பாதி. அக்குட்டியை அதே இனத்தின் உறவற்ற மற்றொரு பொலிகுதிரையோடு சேர்த்தால் முக்கால், பிறகு 87.5 சதவீதம், நான்காம் தலைமுறையில் 93.75 சதவீதம். ஏட்டில் இது எளிது. குதிரையில் ஒரு தலைமுறைக்கு ஐந்தாண்டுகளேனும் ஆகும். ஆக நான்கு தலைமுறைக்கு இருபதாண்டுகள். இருபதாண்டுகளில் ஊழியர் பலமுறை மாற்றலாவார்; உரிமையாளரும் மாறலாம். தொடர்ந்து நிற்கக்கூடியது ஏடு ஒன்றே. அந்த ஏடு இல்லாமற்போனால் நான்காம் தலைமுறைக் குட்டியும் கால்வழி தெரியாததாகவே சந்தைக்குப் போகும். நாம் தொடங்கிய இடத்திலேயே மீண்டும் நிற்போம்.

ஆகவே ஏடு எழுதும் முறையைப்பற்றி ஒரு சொல். தாயின் பெயர் என்ற கட்டத்தில், காதைப் பார்த்து மார்வாரி என்று எழுதுவது உரிமையாளருக்கு மகிழ்ச்சி அளிக்கும். அலுவலகத்துக்கும் கட்டம் நிரம்பியதாகத் தோன்றும். ஆனால் ஊகத்தால் எழுதிய சொல் ஒரு பிரதியிலிருந்து மறு பிரதிக்குச் செல்லும்போது, ஊகம் என்ற குறி விழுந்து சொல் மட்டும் எஞ்சும். அறிக்கைகளை நாள்தோறும் மொழிபெயர்ப்பவர்கள் இதனை நன்கறிவர்: வெற்றிடத்தைப் பின்னொருநாள் நிரப்பலாம், பொய்யால் நிரம்பிய இடத்தை எவரும் மீண்டும் திறந்து பார்ப்பதில்லை. தெரியவில்லை, இன்ன சந்தையில், இன்ன ஆண்டில் வாங்கப்பட்டது, உயரம் இவ்வளவு, சுழிகள் இவ்விடங்களில், இரத்தச் சோதனை இன்ன நாளில் என்று எழுதினால், அது குறையுள்ள பதிவன்று, முழுமையான பதிவே.

ஆசிரியர்களும் இதில் பங்குகொள்ளலாம். குதிரை இல்லாத ஊரில் ஆடு இருக்கும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு ஆட்டின் தாய், பாட்டி, குட்டிகள் ஆகியவற்றை விசாரித்து ஒரு தாளில் கொக்கின் காலைப்போல் வரைந்து வரட்டும். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதுவதற்கும் அவர்களைப் பழக்குவோமாக. இரண்டு மூன்று ஆண்டுகள் அத்தாளைப் பேணினால் ஊரிலேயே ஒரு பதிவேடு உண்டாகும்.

கள ஊழியரிடம் அடுத்த முறை அக்கேள்வி வரும்போது, ஆம் என்றோ இல்லை என்றோ உடனே கூறவேண்டியதில்லை. குதிரையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, நடக்கவிட்டு, பல்லும் குளம்பும் பார்த்து, குட்டிக்கு இடமுண்டா என்று வினவி, இரத்தம் எடுத்தனுப்பிய பின்னர் விடை கூறட்டும். அவ்விடை கூடாது என்பதாயின், உழைக்கும் குதிரை உழைத்தே வாழட்டும். அதில் அதற்கு இழிவில்லை. ஆகும் என்பதாயின், பிறக்கும் குட்டிக்கு அன்றே ஏட்டில் ஒரு பக்கம் திறக்கப்படட்டும். தாய்க்குக் கிடைக்காத குறிப்பு குட்டிக்கேனும் கிடைக்கவேண்டும் என்பதே எனது கோரிக்கை.